நம்பிக்கை என்னும் முதல்

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறவனுக்கு நம் நாட்டில் குறைவின்றிக் கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டென்றால், அது உபதேசம்தான். கல்லூரி ஆண்டு விழாக்களிலும், வர்த்தக சங்கங்களின் கூட்டங்களிலும், அமைச்சர் பெருமக்கள் கலந்துகொள்ளும் தொழில் மாநாடுகளிலும் மேடை ஏறுகிற ஒவ்வொருவரும், வேலை தேடி அலையாதீர்கள், வேலை கொடுப்பவர்களாக உயருங்கள், துணிந்து இறங்குங்கள் என்று இளைஞர்களை நோக்கி முழங்கிவிட்டு, மாதம் தவறாமல் வரும் சம்பளத்தையோ, தகப்பனார் தேடிவைத்த ஆஸ்தியையோ நம்பி நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்த உபதேசம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது உண்மையின் பாதி என்றும், மற்றப் பாதியை மறைப்பதனால் கேட்பவர்களுக்கு அநீதி இழைக்கிறது என்றும் சொல்லுவேன்.

துணிவு என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த சுபாவம், வாய்க்காதவர்கள் உத்தியோகம் பார்த்துப் பிழைத்துப் போகவேண்டியதுதான் என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. போர்க்களத்தில் அது மெய்யாக இருக்கலாம். கடைத்தெருவில் அது மெய்யன்று. வியாபாரத்தில் ஒருவன் காட்டும் தைரியம், யாரை நம்பலாம், எவ்வளவு தூரம் நம்பலாம், அந்த நம்பிக்கை பொய்த்துப் போனால் எவ்வளவு நஷ்டத்தோடு தப்பிக்கலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கு, அவனைச் சுற்றியிருக்கிற சமூகம் என்ன விடை அளிக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. ஆகவே தொழிலில் துணிவு காரணம் அன்று, காரியம். நம்பிக்கையே அதன் காரணம். அந்த நம்பிக்கையும் வெறும் நல்லெண்ணத்தினால் உண்டாவதில்லை. கணக்கு, தவணை, எல்லை என்னும் மூன்றும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன. இந்த உண்மைக்கு நம் சொந்த மாகாணத்தின் சரித்திரத்திலேயே பிரத்தியட்சமான சான்றுகள் இருக்கின்றன.

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரே வார காலத்திற்குள், சென்னை மாகாணத்தில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. 16ஆம் தேதி, தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. 22ஆம் தேதி, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஒன்று பிறப்பு, மற்றொன்று மரணம். துணிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய விரும்புகிறவன் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஆர்பத்நாட் கம்பெனி, பாரி, பின்னி கம்பெனிகளோடு சேர்த்து எண்ணப்பட்ட பெரிய ஆங்கில ஸ்தாபனம். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், வக்கீல்கள், சிறு வியாபாரிகள் என்று பல தரத்தினரும், வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தை அங்கே வட்டிக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் கணக்கைப் பார்த்துவிட்டு அவர்கள் போடவில்லை. பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை. பழமையான பெயர், உயர்ந்த கட்டடம், ஸர் பட்டம் பெற்ற முதலாளி, கவர்னர் மாளிகையில் அவருக்கு இருந்த செல்வாக்கு ஆகியவையே அவர்களுக்குப் போதிய ஜாமீனாகத் தோன்றின. லண்டனில் இருந்த கூட்டாளியான பாட்ரிக் மக்ஃபேடியன் ஊக பேரங்களில் பணத்தை இறைத்துத் தோற்று, அக்டோபர் 20ஆம் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு நாளில் சென்னை ஸ்தாபனம் விழுந்தது. அது வெகு காலமாகவே நொடித்திருந்தும், வெளியே மிடுக்கோடு நின்று டெபாசிட் வாங்கிக்கொண்டிருந்தது என்பது பிற்பாடு விசாரணையில் வெளிப்பட்டது. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆனால் முதலாளி சிறைக்குப் போவதனால் போட்ட பணம் திரும்பி வந்துவிடுமா? கணக்கு இல்லாத நம்பிக்கை, நம்பினவனையே தின்றுவிட்டது.

சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதை வேறு விதமானது. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ.உ. சிதம்பரம் பிள்ளை அதற்கு உயிராக இருந்தார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். ஜாதியும் மதமும் கடந்து ஜனங்கள் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே கொடுத்தார்கள். முதலில் வாடகைக் கப்பல் கொடுத்தவர்கள், ஆங்கிலக் கம்பெனியின் நிர்ப்பந்தத்துக்குப் பயந்து கப்பலைத் திருப்பிக்கொண்டபோது, சிதம்பரம் பிள்ளை பம்பாய்க்குப் போய்ச் சொந்தக் கப்பலுக்கே ஏற்பாடு செய்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின. அந்த ஆங்கிலக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் ஆங்கிலக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், குடையும் இனாம் என்று ஆசை காட்டிற்று. அதற்கும் கம்பெனி அசையவில்லை. 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். அதன் பிறகு கம்பெனி தத்தளித்தது, 1911இல் கலைக்கப்பட்டது.

அரசாங்கத்தின் அடக்குமுறையே அந்த வீழ்ச்சிக்கு முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிலிருந்து தொழில் நடத்துகிறவன் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனியில் துணிவுக்குப் பஞ்சமில்லை, நம்பிக்கைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை முழுவதும் ஒரு மனிதரின் தோள்மேல் தங்கியிருந்தது. அவரைச் சிறையில் அடைத்தபோது, நம்பிக்கையையே சிறையில் அடைத்தது போலாயிற்று. தனி மனிதனின் வீரத்தை மட்டுமே நம்பி நிற்கும் ஸ்தாபனம், அந்த மனிதன் எவ்வளவு உத்தமனாக இருந்தாலும், அவனோடு சேர்ந்தே விழும். ஆர்பத்நாட்டில் கணக்கில்லாமல் நம்பிக்கை கெட்டது. தூத்துக்குடியில் துணிவைத் தாங்கும் தூண்கள் போதாமல் நம்பிக்கை அநாதையாயிற்று.

ஆர்பத்நாட் விழுந்த பிறகு, நியாயப்படி பார்த்தால், நம் ஜனங்கள் பணத்தைப் புதைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்களுக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களே நடத்தும் பாங்கு ஒன்று வேண்டும் என்று புறப்பட்டார். செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியாரின் தமையனாரான இராமசாமி செட்டியார் முதலிய நகரத்தார் துணை நின்றார்கள். 1907ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பதிவாகி, ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியன் பாங்கு தொழில் தொடங்கிற்று. பெரிய ஸ்தாபனம் ஒன்று கவிழ்ந்து முழுதாக ஒரு வருஷம்கூட ஆகாத ஊரில், அதே விதமான காரியத்துக்கு ஜனங்கள் மறுபடியும் பணம் கொடுத்தார்கள் என்றால், அவர்கள் எல்லோரும் திடீரென்று வீரர்களாகிவிட்டார்கள் என்றா சொல்லுவது? இல்லை. பங்குதாரர்கள், டைரக்டர்கள், தணிக்கை செய்த கணக்கு என்று, கேள்வி கேட்பதற்கு இடமுள்ள ஓர் ஏற்பாடு அவர்கள் முன் வைக்கப்பட்டது. நம்பிக்கைக்கு இடம் உண்டாயிற்று, துணிவு தானே வந்தது.

இதே பாடத்தைச் சுதந்திர இந்தியாவும் ஒரு தடவை விலை கொடுத்துப் படித்தது. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு முறிந்தபோது, சிறு தொகைக்காரர்கள் பட்ட துன்பம் பாராளுமன்றத்தை உலுக்கிற்று. அதன் பலனாக 1962ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி டெபாசிட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில் இருந்த பாதுகாப்பு, 2020 முதல் 5 லட்சம் ரூபாயாக இருக்கிறது. இன்று கிராமத்துக் கிழவி ஒருத்தி, பாங்கு மானேஜரின் முகத்தைக்கூடப் பாராமல், தன் பணத்தைப் போட்டுவிட்டுப் போகிறாள். அவளுடைய பாட்டி முந்தானையில் முடிந்து வைத்தாள். பாட்டியைவிடப் பேத்தி தைரியசாலி என்பது இதற்குப் பொருளன்று. பேத்திக்கு நஷ்டத்தின் எல்லை தெரியும், பாட்டிக்குத் தெரியாது.

சட்டமும் சர்க்காரும் தலையிடாத காலத்தில் நம்பிக்கையை ஒரு முறையாகவே வளர்த்துக் காட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் அவர்களுடைய கடைகள் ஆயிரத்துக்கும் மேலிருந்தன. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துகிறவர் சம்பளத்துக்குப் போன ஏஜெண்டு. முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் நடுவே வங்காள விரிகுடா. தபால் போய் வரவே வாரக்கணக்காகும். அவ்வளவு தூரத்தில் அவ்வளவு பணத்தை ஒருவர் கையில் ஒப்படைக்க என்ன துணிச்சல் என்று நாம் வியக்கிறோம். அவர்களோ துணிச்சலை நம்பவில்லை, ஏற்பாட்டை நம்பினார்கள். சம்பளச் சீட்டு எழுதியே ஆளை அனுப்பினார்கள். மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு வந்து, பேரேட்டையும் பற்று வரவையும் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகே முன்னவர் ஊர் திரும்பலாம். லாபத்தைப் பொறுத்து அவருக்குச் சன்மானம். ஐந்தொகை காலந்தவறாமல் ஊருக்கு வந்துகொண்டிருக்கும். ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை எல்லோரும் சேர்ந்து நிர்ணயித்தார்கள். ஏமாற்றியவனுக்கு ஒரு கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலுமே இடமில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். நம்பிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

இந்த முறைக்குப் பெரியதொரு குறையும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த நம்பிக்கையின் வட்டம் ஜாதியின் வட்டத்தோடு முடிந்துவிட்டது. கடன் வாங்கிய பர்மிய விவசாயி அந்த வட்டத்துக்கு வெளியே நின்றான். 1930க்குப் பிறகு நெல் விலை வீழ்ந்தபோது, அவனால் கடனைத் தீர்க்க முடியவில்லை; பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் விளையும் ஜில்லாக்களில், 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம், 1937க்குள் 25 சதவீதமாகப் பெருகிற்று. நிலம் பெருகப் பெருகப் பகையும் பெருகிற்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் உயிர் பிழைத்தால் போதும் என்று ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்கள் எஞ்சியதையும் கொண்டுபோயின. உள்ளே எவ்வளவு உறுதியான நம்பிக்கை இருந்தாலும், வெளியே நிற்கிறவனோடு அது பகிர்ந்துகொள்ளப்படாவிட்டால், அந்த வியாபாரத்துக்கு ஆயுள் குறைவு.

சிவகாசியின் வரலாறும் இதை ஒட்டியதே. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, மழை பொய்த்த கரிசல் சீமையில் 1923இல் புதிய தொழிலொன்றுக்கு விதையிட்டார்கள். அவர்களுடைய ஊக்கத்தைக் கொண்டாடும்போது, அவர்களுக்குப் பின்னால் இருந்த உறவின்முறையையும், விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்துவைத்த மகமையையும், 1921இல் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் பாங்கையும் நாம் மறந்துவிடுகிறோம். விழுந்தால் தாங்குவதற்கு ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தவனுக்கே உயரத் தாவும் தெம்பு பிறக்கும்.

அப்படியானால், ஜாதியின் துணை இல்லாதவன் என்ன செய்வது? பிறப்பினால் எந்த வணிக வட்டத்திலும் சேராத லட்சக்கணக்கானவர்கள் துணிவுக்கு எங்கே போவார்கள்? இதற்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், அடமானம் வைக்க ஒரு காணி நிலமும் இல்லாத பெண்களை ஒன்று சேர்த்தன. வாரந்தோறும் கூட்டம், சிறு சேமிப்பு, வாங்கிய கடனும் கட்டிய தவணையும் எல்லோர் முன்னிலையிலும் பதிவாகும் நோட்டுப் புத்தகம், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கேட்கும் உரிமை. இவ்வளவுதான் அந்த ஏற்பாடு. பின்னர் பாங்குகளும் அந்த நோட்டுப் புத்தகத்தையே ஜாமீனாகக் கொண்டு கடன் கொடுக்க முன்வந்தன. வீட்டு வாசலைத் தாண்டி மானேஜர் முன் நின்று பேச அஞ்சிய பெண்கள், கறவை மாடு வாங்கினார்கள், தையல் மிஷின் வாங்கினார்கள், இட்லிக் கடை போட்டார்கள். இதற்கு முன் இல்லாத வீரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நகரத்தாரின் பேரேடு செய்த வேலையை, ஜாதி என்னும் வேலி இல்லாமல், இந்த நோட்டுப் புத்தகம் செய்தது.

தொழில் நடத்துகிறவன் முதலில் தனக்குத் தானே நம்பத் தக்கவனாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைப் பெட்டிப் பணமும் வீட்டுப் பணமும் கலந்து கிடக்கிற இடத்தில் தன்னம்பிக்கை நிற்காது. எத்தனையோ சிறு முதலாளிகள் இரவில் தூக்கமின்றிப் புரளுவதற்குக் காரணம், நஷ்டம் வந்துவிட்டது என்பதன்று. நஷ்டமா லாபமா என்பதே தெரியாமலிருப்பதுதான். உருவம் தெரியாத பயம் பிசாசாக வளரும். தொகையாக எழுதப்பட்ட பயம் ஒரு பிரச்னையாகச் சுருங்கிவிடும். இன்ன தேதிக்குள் இவ்வளவு பணம் வராவிட்டால் இன்ன செலவை நிறுத்த வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறவன், எழுதி வைக்காதவனைவிடத் தைரியசாலியாகக் காணப்படுவது இயல்பே. சம்பள நாளன்று கொடுக்கப் பணமில்லாமற் போனால், அதை முன்கூட்டியே தொழிலாளியிடம் சொல்லிவிடுகிறவனும் அப்படிப்பட்டவனே. அந்த ஒரு சொல்லுக்கு வேண்டிய துணிவு, புதிய மிஷின் வாங்குவதற்கு வேண்டிய துணிவைவிடப் பெரியது.

நஷ்டத்துக்கு எல்லை கட்டுவதிலும் நாம் பின்தங்கியே இருக்கிறோம். பங்குதாரன் தான் போட்ட தொகைக்கு மேல் கடன்பட மாட்டான் என்னும் கொள்கை 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமாகவே இந்தியாவுக்கு வந்துவிட்டது. சிறு கூட்டாளிகளுக்கு ஏற்ற வகையில் 2008இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் நம் தெருக்களில் கடையும் பட்டறையும் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தனி உரிமையாளர்களே. தொழில் கெட்டால் வீடும் போகும், மனைவியின் தாலியைத் தவிர நகையெல்லாம் போகும் என்ற நிலையில் உள்ளவனைப் பார்த்து, பயப்படாதே என்று சொல்லுவது எளிது. அவனுடைய பயம் கோழைத்தனம் அன்று, விவேகம்.

இனி இன்றைய வியாதிக்கு வருவோம். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரையோ, திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவரையோ, சிவகாசியில் அச்சகம் நடத்துபவரையோ கேட்டுப் பாருங்கள். ஆர்டர் இல்லை என்பதைவிட, பணம் வரவில்லை என்ற குறையே முதலில் வரும். சரக்கைச் செய்து, பில் போட்டு, லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. வழக்கமான முறையில் பதிவு செய்துகொண்டவராயின், அந்தப் பில்லுக்குரிய சரக்குச் சேவை வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். வாங்கினவர் பணம் கொடுத்தாரா என்று சர்க்கார் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பாங்குத் தவணை தேதி தவறக் கூடாது. ஆனால் வாங்கிய பெரிய கம்பெனி மட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம், கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருக்கிறார், தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் ஒப்புதல் வரவில்லை என்று மூன்று மாதம், ஆறு மாதம் இழுத்தடிக்கிறது. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்ப அவர் கந்து வட்டிக்காரரிடம் போகிறார். கந்து வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. அந்த வாசலுக்கு ஆளை அனுப்பி வைக்கிற பெரிய மனிதர்களைத் தடுக்கவோ ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை என்று சொல்லுவதும் முழு உண்மையாகாது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்கிற வாங்குநர், தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகவே கட்ட வேண்டும். இவ்வாறு தாமதித்த தொகையை, உண்மையில் கொடுக்கிற வருஷம் வரையில் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024இல் அமலுக்கு வந்துவிட்டது. காகிதத்தில் இதைவிடக் கூர்மையான சட்டம் வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டியவன் யார்? அடுத்த ஆர்டருக்கு அதே வாங்குநரின் வாசலில் நிற்க வேண்டியவன். புகார் கொடுத்தால் பழைய பாக்கி வரும், புதிய வேலை வராது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே சட்டம் சட்டமாகவே இருக்கிறது. பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. இந்த நிலையில் அவனுக்குத் துணிவைப் பற்றிப் பிரசங்கம் செய்வது, ஊற்றை அடைத்துவிட்டு இறைக்கிறவனின் கையில் வலுவில்லை என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

பெரிய ஸ்தாபனங்களும் தங்கள் பங்குக்கு ஒரு சமாதானம் சொல்லக்கூடும்: எங்களுக்கும் பணம் தாமதமாகத்தான் வருகிறது, சிறியவர்களும் எல்லோரும் யோக்கியர்கள் அல்லர், சொன்ன தேதிக்குச் சரக்கு வருவதில்லை, காட்டிய மாதிரிக்கும் வந்த சரக்குக்கும் சம்பந்தமிருப்பதில்லை என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமலிருக்கிற சிறு தொழிலதிபர், தனக்கு மட்டுமல்ல, தன் தெருவில் உள்ள அத்தனை சிறு தொழிலதிபர்களுக்கும் கடன் வரும் வழியை அடைத்துவிடுகிறார். குற்றமுள்ள சரக்கைத் திருப்பி அனுப்ப வாங்குநருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சரக்கை ஏற்றுக்கொண்டு, உபயோகித்து, லாபமும் பார்த்துவிட்டுப் பணத்தை நிறுத்தி வைப்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் உரிமை இல்லை. பாங்கில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்க வசதியுள்ளவர், அந்த வசதி இல்லாத சிறியவனிடமிருந்து வட்டியில்லாக் கடனைப் பலவந்தமாக வாங்குவதற்கு வியாபாரம் என்று பெயரில்லை.

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. சர்க்கார் இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் முதலில் தங்கள் பாக்கியை நாளுக்குள் தீர்த்து வழிகாட்ட வேண்டும். தாமே சட்டத்தை மீறிக்கொண்டு தனியாரைக் கண்டிக்க அவற்றுக்கு வாயில்லை. சிறு தொழில் நடத்துகிறவன் சொல்ல வேண்டிய புகாரை, தனி மனிதன் பெயரில் அல்லாமல், அவனுடைய தொழில்முனைவோர் சங்கமோ மாவட்டத் தொழில் அமைப்போ கொண்டு செல்லச் சட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும். தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி கற்பித்த பாடம் அதுவே, ஒருவன் தோள்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது. பெரிய கம்பெனிகள் தங்கள் ஆண்டறிக்கையில், சிறியவர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தோம் என்பதை முதற் பக்கத்தில், எல்லோருக்கும் விளங்கும் பாஷையில் வெளியிட வேண்டும். பாங்குகள் நிலப் பத்திரத்தைப் பார்க்கிற கண்ணால், ஒழுங்காக எழுதிய கணக்கையும் பார்க்கப் பழக வேண்டும். தொழில் தொடங்குகிற பிள்ளையின் பெற்றோரோ, இவ்வளவு வரையில் போனால் சகித்துக்கொள்ளுவோம், அதற்கு மேல் வீட்டைத் தொடக் கூடாது என்று முதல் நாளே ஓர் எல்லையைப் பேசி முடித்துவிட்டால், பயமுறுத்துவதைவிடவும் உற்சாகப்படுத்துவதைவிடவும் அது பெரிய ஆசீர்வாதமாக இருக்கும்.

இவையெல்லாம் சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் சொல்ல வேண்டியவை என்று வாசகர் ஒதுங்கிவிட வேண்டாம். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவருக்கும், பத்திரிகை அச்சடித்தவருக்கும், சமையல் காண்டிராக்டருக்கும், பண்டிகைக்குத் தைத்துக் கொடுத்த தையற்காரருக்கும், வீட்டுக்கு ஜன்னல் செய்து மாட்டிய ஆசாரிக்கும் நம்மில் எத்தனை பேர் சொன்ன தேதியில் பணம் கொடுத்திருக்கிறோம்? அவர்களும் துணிந்து சொந்தத் தொழிலில் இறங்கினவர்களே. நம்மை நம்பித்தான் இறங்கினார்கள். ஆகையால் இளைஞர்களுக்குத் துணிவைப் போதிக்க விரும்புகிற ஒவ்வொருவரையும், மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்: யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்து, அதை இந்த வாரமே தீர்த்துவிடுங்கள்.